இரும்பு வார்த்த ஊருக்கு இரயிலை மறுத்தார்கள்!

தோழர்களே!

கார்பி என்று ஓர் ஊர். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே, நார்த்தாம்ப்டன்ஷயர் கவுண்டியின் வடபகுதியிலே, லண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 80 மைல் தொலைவிலே இருக்கிறது. அரசர்கள் வேட்டையாடிய ராக்கிங்ஹாம் காடு ஒரு புறம். வெல்லண்டு ஆற்றுப் பள்ளத்தாக்கு மறுபுறம். காலடியிலே மண், மண்ணுக்கடியிலே இரும்புக்கல். அந்த இரும்புக்கல்தான் ஊரை வாழவைத்தது. அந்த இரும்புக்கல்லின் பெயராலேதான் ஊர் வதைக்கவும் பட்டது.

நமக்கேன் அந்த ஊர்க்கதை என்பீர்கள். உழைப்பவன் எங்கே இருந்தாலும் அவன் கதை நமக்குப் பாடம். அதிலும் இந்தக் கதை, ஊரை ஆள்வது யார், ஊருக்கு வண்டி விடுவது யார், இரண்டுக்கும் கணக்குக் கேட்பது யார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே எழுப்புகிற கதை. ஆகவே பொறுமையாகக் கேளுங்கள்.

1931-ம் ஆண்டிலே கார்பி ஒரு கிராமம். சுமார் 1,500 பேர் வாழ்ந்த சிற்றூர். 1932-ல் ஸ்டூவர்ட்ஸ் அண்டு லாயிட்ஸ் என்ற கம்பெனி அங்கே பெரிய இரும்பு உலையும் குழாய் ஆலையும் கட்ட முடிவு செய்தது. 1934-ல் உலை பற்றிக்கொண்டது. ஆள் எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்திலிருந்து! கிளைடு ஆற்றங்கரையிலே வேலையிழந்து வாடிய குடும்பங்கள், மூட்டை முடிச்சோடு தெற்கே வந்தன. ‘சின்ன ஸ்காட்லாந்து’ என்று ஊருக்குப் பட்டப்பெயரே ஏற்பட்டது. இரவிலே ஆலையின் தீச்சுடர் பல மைலுக்குத் தெரியும். அதற்குக் ‘கார்பி மெழுகுவர்த்தி’ என்று மக்கள் பெயரிட்டார்கள். பிரெஞ்சுக் கரையில் இறங்கிய படைகளுக்காக ஆங்கிலக் கால்வாயின் அடியிலே எண்ணெய் அனுப்பக் குழாய் போட்டார்களே, அந்தக் குழாய் வேலையிலும் கார்பியின் பங்கு உண்டு. 1950-ல் அரசு அதைப் ‘புதுநகரம்’ என்று அறிவித்தது. வீதிகள் வந்தன, வீடுகள் வந்தன, பள்ளிகள் வந்தன.

இனி, வேடிக்கையைக் கேளுங்கள், வேதனையையும் கேளுங்கள்.

1880-ஐ ஒட்டிப் போடப்பட்ட இருப்புப்பாதை அந்த ஊர் வழியாகவே போகிறது. ஊருக்கு வடக்கே வெல்லண்டு பள்ளத்தாக்கைத் தாண்ட 82 வளைவுகள் கொண்ட செங்கற் பாலம் ஒன்று இன்றும் எழுந்து நிற்கிறது. பாதை இருந்தது, பாலம் இருந்தது, நிலையமும் இருந்தது. ஆனால் 1966-ல் அந்த நிலையத்தைப் பயணிகளுக்கு மூடிவிட்டார்கள்! 1963-ல் வெளிவந்த பீச்சிங் அறிக்கையின் காலம் அது. எந்தப் பாதையிலே எத்தனை டிக்கெட் விற்றது, வரவென்ன, செலவென்ன என்று கணக்குப் பார்த்து, நாடெங்கும் நிலையங்களை மூடிய காலம். கார்பியில் சரக்கு வண்டி ஓடிற்று. மனிதன் ஏறும் வண்டி நின்றது. அவன் வார்த்த இரும்பு இரயிலிலே போகலாம், அவன் போகக்கூடாது! கெட்டரிங்குக்குச் சாலை வழியே போய், அங்கே வண்டி பிடிக்க வேண்டும். கார் உள்ளவனுக்கு அது கால் மணி நேரத் தொல்லை. கார் இல்லாதவனுக்கோ அது வேலைக்கும் வீட்டுக்கும் நடுவிலே எழுந்த சுவர்.

1987-ல் திறந்தார்கள்; 1990-ல் மீண்டும் மூடினார்கள். 2009 பிப்ரவரியில்தான் புதிய நிலையம் வந்தது. முதலிலே லண்டனுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு வண்டி! சில வாரங்கள் கழித்துத்தான் மணிக்கொரு வண்டி. 2021 மே மாதம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1966-லிருந்து 2009 வரை, இடையே மூன்றாண்டு போக, ஏறத்தாழ 40 ஆண்டு! ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று முடித்தது.

நிலையத்தை மூடியவர்கள் எழுதிய கணக்கிலே டிக்கெட் வரவு இருந்தது. வண்டி இல்லாததால் வேறூருக்கு வேலை தேடிப் போக முடியாதவனின் பட்டினி அந்தக் கணக்கிலே இருந்ததா? இல்லை! இரயில் ஒரு கடைச்சரக்கு என்று நினைக்கிறவன் எழுதும் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

அந்த வேலையின் கதி என்னவாயிற்று? 1967-ல் இரும்புத் தொழில் நாட்டுடைமையாயிற்று. தொழிலாளி மகிழ்ந்தான். முதலாளி போனான், இனி நம் அரசு என்று எண்ணினான். ஆனால் 1979-ல் அதே அரசுக் கழகம், கார்பியிலே எஃகு உருக்குவது நிற்கும் என்று அறிவித்தது. 1980-ன் தொடக்கத்திலே எஃகுத் தொழிலாளர்கள் நாடு முழுவதும் 13 வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயினும் அந்த ஆண்டிலேயே உலை அணைந்தது. மெழுகுவர்த்தி அவிந்தது! குழாய் வேலை மட்டும் மிஞ்சிற்று. மொத்தத்தில் சுமார் 11,000 பேருக்கு வேலை போயிற்று. நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் வேலையில்லை. இரயிலும் இல்லாத ஊரில் அவர்கள் எங்கே போவார்கள்? மிஞ்சிய குழாய் ஆலையோ கைமாறிக் கைமாறி, 2007-ல் நம் நாட்டு டாட்டா கம்பெனியின் கைக்கே வந்தது என்பது உபரிச் செய்தி.

தோழர்களே, இதுவரை சொன்னது எட்டத்திலே இருந்த அதிகாரம் செய்த தீங்கு. கிட்டத்திலே இருந்த அதிகாரம் செய்த தீங்கையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையானவர்கள் அல்ல.

1974-ல் வந்த ஆட்சிமுறைப்படி அந்தப் பகுதிக்கு இரண்டடுக்கு ஆட்சி. மேலே கவுண்டி மன்றம்: பள்ளிக்கூடம், நெடுஞ்சாலை, முதியோர் பராமரிப்பு அதன் பொறுப்பு. கீழே வட்ட மன்றம்: வீடு, குப்பை, மனைக்கட்டு அனுமதி அதன் பொறுப்பு. கார்பி வட்டம் சிறியது, 31 சதுர மைல் அளவு. நகரமும், கிரெட்டன், காட்டிங்ஹாம், வெல்டன் போன்ற சில கிராமங்களும் சேர்ந்தது. மன்றத்திலே பெரும்பாலும் தொழிற்கட்சியின் ஆட்சி. தொழிலாளியின் ஓட்டு, தொழிலாளியின் கட்சி, தொழிலாளியின் ஊர்!

ஆலை மூடியபின் கிடந்த நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தைத் துப்புரவு செய்யும் பொறுப்பு அந்த மன்றத்தின் கையில் வந்தது. நச்சுச் சேற்றைத் தோண்டி, மூடாத லாரிகளிலே ஏற்றி, ஊர்ச்சாலை வழியே கொண்டுபோனார்கள். சேறு சாலையிலே சிந்திற்று, காய்ந்தது, தூசாய்ப் பறந்தது. கை விரல்கள் குறைபட்டுக் குழந்தைகள் பிறந்தன. தாய்மார்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2009 ஜூலையில் லண்டன் உயர்நீதிமன்றம், துப்புரவு வேலையிலே மன்றம் அலட்சியமாக நடந்தது என்று தீர்ப்பளித்தது. 2010-ல் மன்றம் மேல்முறையீட்டைக் கைவிட்டு இழப்பீட்டுக்கு உடன்பட்டது.

நம்மைப் போன்றவர்கள் ஆண்ட மன்றம்! நம்மைப் போன்றவர்களின் குழந்தைகள்! கொடி ஒன்றாக இருந்தால் போதும், கேள்வி வேண்டாம் என்று நினைக்கிற தொண்டன், இந்தத் தாய்மார்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். அவர்கள் கேட்டார்கள். ஆண்டுக்கணக்கிலே கேட்டார்கள். கேட்டதனாலே உண்மை வெளியே வந்தது.

“பார்த்தீர்களா, சிறிய மன்றத்துக்குத் திறமையில்லை, எல்லாவற்றையும் பெரிதாக்குங்கள்” என்று உடனே சிலர் சொல்வார்கள். அவர்களுக்கும் நார்த்தாம்ப்டன்ஷயரே விடை சொல்கிறது.

பெரியதாக இருந்தது கவுண்டி மன்றம். அது 2017-ல் 5 கோடியே 30 லட்சம் பவுன் செலவிலே புதிய தலைமை மாளிகை திறந்தது. 2018 பிப்ரவரியில் கஜானா காலி! அத்தியாவசியச் சேவை தவிரப் புதிதாக ஒரு காசும் செலவழிக்கக்கூடாது என்று அதன் நிதி அதிகாரியே அறிவித்தார். அதே ஆண்டு அந்த மாளிகையை விற்று, அதிலேயே வாடகைக்குக் குடியிருந்தார்கள்! மாளிகை கட்டியவர்கள் மட்டுமல்ல, உள்ளாட்சிக்குத் தரும் மானியத்தை ஆண்டுதோறும் குறைத்த லண்டன் அரசும் இதற்குப் பொறுப்பு.

தீர்வென்று என்ன செய்தார்கள்? கவுண்டி மன்றத்தோடு அதன் கீழிருந்த ஏழு வட்ட மன்றங்களையும் சேர்த்துக் கலைத்தார்கள். இரண்டே மன்றங்கள், வடக்கு ஒன்று, மேற்கு ஒன்று. எட்டு மன்றங்களில் ஏழு இதற்கு ஒப்பின, ஒப்பாதது கார்பி. 2021 ஏப்ரல் 1 அன்று கார்பி வட்டம் மறைந்தது. கெட்டரிங், வெல்லிங்பரோ, கிழக்கு நார்த்தாம்ப்டன்ஷயர் ஆகியவற்றோடு சேர்ந்து ‘வடக்கு நார்த்தாம்ப்டன்ஷயர்’ ஆயிற்று.

நியாயமாகப் பேசுவோம். ஒரு வகையிலே இது நன்மை. பள்ளிக்கூடமும் சாலையும் நார்த்தாம்ப்டனிலிருந்து கொஞ்சம் கிட்டே வந்தன. குப்பைக்கு ஒரு மன்றம், சாலைக்கு வேறு மன்றம் என்று அலைவதும் குறைந்தது. ஆனால் வீட்டுப் பிரச்னையும் குப்பைப் பிரச்னையும், 70,000 பேருக்கு மேல் வாழ்ந்த வட்டத்தின் சொந்த மன்றத்தை விட்டு, கூடுதல் தூரம் போயின. தன் தவற்றுக்காக மன்றம் போயிருந்தால் வேறு பேச்சு. அடுத்தவன் போட்ட கணக்குப் பிசகுக்காகத் தன் மன்றத்தை இழந்தது அந்த ஊர்!

ஆகவே நாம் கொள்ள வேண்டிய முடிவென்ன? அதிகாரம் எட்டத்தில் இருந்தால் மறந்துவிடுகிறது. கிட்டத்தில் இருந்தால் மறைத்துவிடுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: விழித்திருக்கும் மக்கள். மன்றம் மக்கள் நடந்துபோய்க் கதவைத் தட்டும் தூரத்திலே இருக்க வேண்டும். தட்டினால் திறக்க வேண்டும். திறந்தால் கணக்குப் புத்தகத்தைக் காட்ட வேண்டும். வண்டியும் அப்படியே. டிக்கெட் வரவைக் கொண்டு மட்டும் அதை அளக்கக்கூடாது. அது இல்லாவிட்டால் எத்தனை பேர் வேலைக்குப் போக முடியாது என்பதைக் கொண்டு அளக்க வேண்டும்.

2009-ல் கார்பியிலே இரண்டு நடந்தன. பிப்ரவரியிலே இரயில் வந்தது. ஜூலையிலே நீதி வந்தது. இரண்டும் தாமதித்தே வந்தன. தானாக வந்தவை அல்ல, கேட்டுப் பெற்றவை.

கேளுங்கள், தோழர்களே! எதிரியின் ஆட்சியிலும் கேளுங்கள். நம் ஆட்சியிலும் கேளுங்கள்!