மோட்டார் கொட்டகை யாருடையது?

கோட்டக்குப்பத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து நடந்தே புதுச்சேரிக்குப் போய்விடலாம். முத்தியால்பேட்டையில் கால் வைத்தால் வேறு அரசு, வேறு சட்டம். அங்கே நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2002-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடும் 2003-இல் ஒரு சட்டம் இயற்றியது. ஒருநாள்கூட நடைமுறைக்குக் கொண்டுவராமல் 2013-இல் அதை ரத்து செய்தது. மண்ணுக்கடியில் இருக்கும் தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது.

இதை ஆய்வேட்டில் எழுதலாம் என்றுதான் வானூர் வட்டத்துக் கிராமங்களுக்குப் போனேன். அங்கே கண்ணில் பட்டது வேறொரு எல்லை. ஒரு காலனியில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் பெண்கள் குடத்தோடு போவது பக்கத்து நிலத்து மோட்டார் கொட்டகைக்கு. "எப்பவும் புடிச்சுக்க விடுவாங்க தம்பி. போன வருசம் நடவுக்குக் கூலி ஏத்திக் கேட்டோம். ரெண்டு வாரம் நாங்க போற நேரத்துக்கு மோட்டாரே ஓடல" என்றார் ஓர் அக்கா. யாரும் சாதி சொல்லித் திட்டவில்லை, குடத்தை உடைக்கவில்லை. என்னவென்று புகார் எழுதுவது?

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்தின் எல்லைக்குள் அடியில் இருக்கும் நீரை எடுத்துக்கொள்வது நிலக்காரரின் உரிமை. பட்டா யாரிடமோ தண்ணீரும் அவரிடம். இந்த மண்ணில் பட்டா பெரும்பாலும் எந்தச் சாதிகளிடம் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசமைப்பின் 15(2) பிரிவு கிணறு, குளத்தில் தீண்டாமையைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் அது அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும், அல்லது பொதுப் பயன்பாட்டுக்கென விடப்பட்ட நீர்நிலைகளுக்கு. வயலில் இருக்கும் போர்வெல் அந்தக் கணக்கிலேயே வராது.

மகத் போராட்டத்தை 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்ததோடு முடித்துவிடுகிறோம். அதற்குப் பின் நடந்ததையும் பேச வேண்டும். ஆதிக்க சாதியினர் நீதிமன்றம் போய், அந்தக் குளம் தனியார் சொத்து என்று வாதிட்டார்கள். 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குளம் நகராட்சியுடையது என்றது. அவர்கள் தோற்ற அதே வாதம் இன்று ஒவ்வொரு மோட்டார் கொட்டகையிலும் வழக்கே இல்லாமல் வென்றுகொண்டிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், 2018 காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைத் தமிழ்நாட்டின் கணக்கில் வைத்து நம் பங்கைக் குறைத்தது. மாநிலங்கள் சண்டை போடும்போது அது மாநிலத்தின் தண்ணீர். குடத்தோடு போய் நின்றால் நிலக்காரரின் தண்ணீர்.

நிலத்தடி நீர் தனிச்சொத்து அல்ல, மக்களுக்காக அரசு பொறுப்பில் வைத்திருக்கும் பொதுவளம் என்ற கருத்தை ஒன்றிய அரசின் 2016 மாதிரி மசோதா முன்வைத்தது. நீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஒன்றியம் ஏன் தலையிடுகிறது என்று நாம் கேட்கிறோம். நானும் கேட்பவன்தான். அணைகளின் கட்டுப்பாட்டை டெல்லிக்குக் கொடுக்க எனக்கும் விருப்பமில்லை. ஆனால் கையில் இருந்த அதிகாரத்தை வைத்து நாம் செய்தது, சொந்தச் சட்டத்தைப் பத்தாண்டு தூங்கவைத்துப் பிறகு புதைத்ததுதான். மாநில உரிமை மேடைகளில் ஒருவர்கூட இதைக் கேட்டு நான் பார்க்கவில்லை.

தண்ணீரைப் பட்டாவிலிருந்து பிரிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடே இயற்ற வேண்டும். குடிநீருக்கு முதல் உரிமை என்று அதில் எழுத வேண்டும். குடிநீரை மறித்துக் கூலியை அடக்குவதை வன்கொடுமை என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும். அதுவரை காலனிக்கென ஒரு போர்வெல், சாவி காலனிப் பெண்களிடம்.

இதைச் சொன்னபோது அந்த அக்கா சிரித்தார். போர் போட இடம் வேண்டுமே. ஊரில் மிச்சமிருக்கும் புறம்போக்கைக் கைநீட்டிக் காட்டினார். அதில் நின்றுகொண்டிருந்தது இன்னொரு மோட்டார் கொட்டகை.