மெருகேற்றல் மீட்பு ஆகாது

திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பொருள்களோடு பழைய ராக்கெட் மாதிரி ஒன்று வந்து சேர்வதாகக் கொள்வோம். உலோகத்தால் ஆனதாயின் அது எடைக்குப் போகும். மரத்தாலோ கண்ணாடியிழையாலோ ஆனதாயின், புதுவண்ணம் பூசப்பெற்று யாரேனும் ஒருவரின் வரவேற்பறையை அடையும். முன்னதை இழப்பு என்று எவரும் ஒப்புவர். பின்னதும் இழப்பே என்பதை உணர்வார் சிலரே.

இதனை இந்நகரம் சிந்திக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. நகருக்கு வடக்கே, தும்பாக் கடற்கரையிலிருந்துதான் 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி ராக்கெட் விண்ணை நோக்கி எழுந்தது. தொடக்ககாலப் பணிகளுக்கு இடந்தந்த புனித மரிய மகதலேனா தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. ஆனால் பறந்த கலங்கள் திரும்புவதில்லை. 1975 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்ட ஆரியபட்டா, 1992இல் வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுமந்து சென்ற எஸ்.எல்.வி-3 மீண்டு வரவில்லை. எனவே அக்காலத்தில் செய்யப்பட்ட மாதிரி வெறும் அலங்காரப் பொருள் அன்று. அது ஓர் ஆவணம்.

அந்த ஆவணத்தைப் படிக்க முறை உண்டு. ஆரியபட்டாவின் உடலுக்கு 26 முகங்கள். மாதிரியில் அவற்றை எண்ணிப் பார்க்கலாம். பி.எஸ்.எல்.வி. மாதிரியாயின் பக்க உந்துகலங்களை எண்ண வேண்டும். 6 இருப்பின் அது தொடக்க வடிவமாகவோ, நீண்ட உந்துகலங்களைக் கொண்ட எக்ஸ்.எல். வடிவமாகவோ இருக்கலாம். 2 அல்லது 4 எனில், அவை 2019இல் பறக்கத் தொடங்கிய வடிவங்கள். ஒன்றுமே இல்லையெனில், 2007இல் முதன்முதலாகப் பறந்த சி.ஏ. வடிவமாக இருக்கலாம். அதனை 'உடைந்துபோன மாதிரி' என்று கருதி 6 உந்துகலங்களைச் செய்து ஒட்டுபவர், நல்லெண்ணத்தோடே வரலாற்றைத் திருத்திவிடுகிறார். அடிப்பகுதியில் பழைய பசையின் தடமோ ஆணித்துளையோ உண்டா என்று முதலில் நோக்கியிருந்தால் அப்பிழை நேராது.

பெயர்ப்பலகையும் சான்றே. விக்கிரம் சாராபாய் மறைந்தது 1971 டிசம்பர் 30 அன்று. தும்பா மையம் அவர் பெயரைப் பெற்றது 1972இல். ஆதலால் பலகையில் உள்ள நிறுவனப் பெயரே மாதிரியின் காலத்தைக் கூறிவிடக்கூடும். ஒரே ஒரு பூச்சு அதனை மறைக்கப் போதும்.

மங்கிய மாதிரி குழந்தைகளைக் கவராது என்பர். நியாயமே. அதற்குப் புதிய படி ஒன்றைச் செய்து காட்சிக்கு வைக்கலாம்; பழையதைப் புதியதாக்க வேண்டியதில்லை. முதலில் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, அளவெடுத்து, எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும். பிறகு தூசியை மென்தூரிகையால் அகற்ற வேண்டும். எழுத்துள்ள இடத்தில் கரைப்பான் படலாகாது. புதிதாகச் சேர்க்கும் எதுவும் பின்னாளில் நீக்கத்தக்கதாகவும், குறிப்பேட்டில் பதியப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும்.

தச்சரும் வண்ணக்காரரும் இந்நகரில் அரியவர் அல்லர். அரிதாயிருப்பது, வேலையை அவர்களிடம் ஒப்படைக்குமுன் 'இது எது, எப்போது செய்யப்பட்டது' என்று கேட்கும் வழக்கமே. கழிவுப்பொருள் பட்டியலில் கையொப்பமிடும் அலுவலர் அக்கேள்வியைக் கேட்டாலே பாதிப் பணி முடிந்துவிடும்.