பெயர்ப்பலகை மட்டும் போதாது

திருப்பதிக்கு வருவோர் அனைவரும் ஏழுமலையானைத் தரிசிக்க மட்டுமே வருவதில்லை. நோய் தீர வேண்டும் என்று வருவோரும் கணிசமானவர்கள். ஸ்விம்ஸ் எனப்படும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம், ரூயா அரசு மருத்துவமனை, தேவஸ்தானத்தின் பர்ட் எலும்பு சிகிச்சை மருத்துவமனை, 2021-இல் தொடங்கப்பட்ட பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனை ஆகியவற்றை ராயலசீமா மக்கள் மட்டுமன்றி, எல்லையை ஒட்டிய தமிழக மக்களும் நாடுகின்றனர். சித்தூர் பகுதி மக்களோ கூப்பிடு தூரத்தில் உள்ள வேலூர் சி.எம்.சி.யை நோக்கிச் செல்கின்றனர். நோயாளிக்கு மாநில எல்லை கிடையாது.

இந்தப் பெரிய மருத்துவமனைகளைச் சுற்றிலும் பத்து, இருபது படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனைகள் சித்தூரிலும் திருப்பதியிலும் பெருகியிருக்கின்றன. வாசலில் உள்ள பெயர்ப்பலகையில் மருத்துவர்களின் பெயரும், பெயருக்குப் பின்னால் பட்டங்களும் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டங்கள் உண்மையானவையா? உண்மை என்றால், இன்று நடக்கவிருக்கும் அறுவைச் சிகிச்சையைச் செய்யும் பயிற்சி அந்த மருத்துவருக்கு உண்டா? இந்தக் கேள்விகளை நோயாளி கேட்க முடியாது; கேட்டாலும் சரிபார்க்க முடியாது. அவருக்காக அதைக் கேட்க வேண்டிய பொறுப்பு மருத்துவமனை நிர்வாகத்தைச் சேர்ந்தது. அந்தப் பொறுப்பை நிறைவேற்றப் பயிற்சி பெற்றவர்கள் நம் மருத்துவமனைகளில் எத்தனை பேர் என்பதுதான் கவலைக்குரிய விஷயம்.

இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. மத்தியப் பிரதேசத்தின் தமோ நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இதய சிகிச்சை அளித்துவந்த ஒருவர் 2025 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். பிரிட்டனின் புகழ்பெற்ற இதய நோய் நிபுணர் ஒருவரின் பெயரை ஒத்த பெயரில், போலிச் சான்றிதழ்களுடன் அவர் பணியில் சேர்ந்தார் என்பது குற்றச்சாட்டு. அவரிடம் சிகிச்சை பெற்ற ஏழு பேர் இறந்ததாகப் புகார் எழுந்து, தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட நேர்ந்தது. சான்றிதழ் வழங்கிய பல்கலைக்கழகத்துக்கும், மருத்துவக் கவுன்சிலுக்கும் பணியில் சேர்க்கும் முன்பே ஒரு கடிதம் எழுதியிருந்தால் வெளிப்பட்டிருக்கக்கூடிய விவரத்தை, சாவுகளுக்குப் பிறகு காவல்துறை தேட வேண்டியதாயிற்று.

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன்படி, பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ரூ. 5 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டத்தில் குறையில்லை. ஆனால், குற்றம் நடந்தபின் தண்டிப்பது வேறு, குற்றம் நடக்காமல் வாசலிலேயே தடுப்பது வேறு. ஆந்திர கிராமங்களில் நிலவும் ஒரு முரணே இதற்குச் சான்று. ஆர்.எம்.பி. என்ற மூன்று எழுத்துகள் சட்டத்தின் பார்வையில் 'பதிவு பெற்ற மருத்துவர்' என்பதைக் குறிக்கும். சித்தூர் மாவட்டக் கிராமங்களிலோ, எந்தப் பதிவும் இல்லாமல் ஊசி போடுபவரையே மக்கள் ஆர்.எம்.பி. என்று அழைக்கின்றனர். சொல்லின் பொருளே தலைகீழாக மாறிவிட்ட இடத்தில், பெயர்ப்பலகையை நம்பு என்று நோயாளியிடம் கூறுவது நியாயமாகாது.

போலி மருத்துவர் பிரச்னை ஒரு பாதி மட்டுமே. உண்மையான பட்டம் பெற்றவர், தமக்குப் பயிற்சி இல்லாத சிகிச்சையில் இறங்குவது மறுபாதி. இருசக்கர வாகன உரிமம் வைத்திருப்பவர் லாரி ஓட்டினால் போக்குவரத்துக் காவலர் மறிக்கிறார். மருத்துவத்தில் அப்படி மறிக்க வெளியாள் எவரும் இல்லை. லேப்ராஸ்கோபி அறுவைச் சிகிச்சையை இவர் செய்யலாமா, பச்சிளம் குழந்தைக்கு இவர் மயக்க மருந்து கொடுக்கலாமா என்பதை மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் சொல்வதில்லை. அதை ஒவ்வொரு மருத்துவமனையும்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டத்தையும் பதிவையும் வழங்கியவர்களிடமே கேட்டு உறுதிசெய்வது தகுதிச் சரிபார்ப்பு. எந்தெந்தச் சிகிச்சைகளை அவர் செய்யலாம் என எழுத்தில் வரையறுப்பது சிகிச்சை உரிமை வழங்கல். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை விளைவுகளைப் பார்த்து அந்த உரிமையைப் புதுப்பிப்பது மூன்றாவது படி.

மேலை நாடுகள் இதைப் பட்டுத்தான் கற்றன. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1960-இல் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தில் கால் முறிந்த 18 வயது மாணவர் ஒருவர், மாவுக்கட்டுக்குப் பின் சரியாகக் கண்காணிக்கப்படாததால் காலையே இழந்தார். மருத்துவரின் தவறுக்கு மருத்துவமனை எப்படிப் பொறுப்பாகும் என்ற வாதத்தை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1965-இல் ஏற்கவில்லை. சிகிச்சையைக் கண்காணிக்கும் கடமை மருத்துவமனைக்கும் உண்டு என்ற நிலைப்பாடு உறுதியானது. பின்னர், மருத்துவர்கள்மீதான நடவடிக்கைகளை மருத்துவமனைகள் கேட்டறிவதற்கான தேசியத் தகவல் தொகுப்பு அங்கு 1990-இல் செயல்பாட்டுக்கு வந்தது. இந்தச் சரிபார்ப்பையே தொழிலாகக் கொண்ட அலுவலர்களும், அவர்களுக்கான பயிற்சியும் தேர்வும் சான்றிதழும் அங்கு உருவாகிவிட்டன.

பிரிட்டனின் பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் குழந்தைகளுக்கான இதய அறுவைச் சிகிச்சை குறித்து விசாரித்த கென்னடி குழு 2001-இல் அறிக்கை அளித்தது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்தனர் என்பது அதன் கணிப்பு. அங்கு போலி மருத்துவர் எவரும் இல்லை. பட்டங்கள் அனைத்தும் அசல். விளைவுகளைக் கணக்கிட்டு, நிறுத்துங்கள் என்று சொல்லும் ஏற்பாடுதான் இல்லை. அதுபோன்ற படிப்பினைகளைத் தொடர்ந்து, 2012 இறுதியில் மருத்துவர்களின் தகுதியை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்யும் முறை அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவிலும் நீதிமன்றங்கள் வழிகாட்டாமல் இல்லை. மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2004-இல் சவிதா கார்க் வழக்கில், சிகிச்சை அளித்தவர் நிரந்தர ஊழியரா, வெளியிலிருந்து வந்து போகும் மருத்துவரா என்ற வேறுபாட்டைக் காட்டி மருத்துவமனை தப்ப முடியாது என்று தெளிவுபடுத்தியது. சித்தூர், திருப்பதி போன்ற நகரங்களுக்கு இத்தீர்ப்பு மிகவும் பொருந்தும். காலையில் ஓர் ஊரிலும், மாலையில் இன்னோர் ஊரிலும் அறுவைச் சிகிச்சை செய்துவிட்டுப் போகும் நிபுணர்களை நம்பியே பல சிறு மருத்துவமனைகள் இயங்குகின்றன. வந்து போகிறவரின் கோப்பு மருத்துவமனையில் இருக்க வேண்டாமா?

விதிகள் ஏட்டில் உண்டு. தனியார் மருத்துவமனைகளின் பதிவுக்காக ஆந்திரத்தில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. தமிழகத்தில் 1997-இல் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் வெளிவர 2018 ஆயிற்று. என்.ஏ.பி.எச். தரச்சான்று பெற விரும்பும் மருத்துவமனைகள் தகுதிச் சரிபார்ப்பையும் சிகிச்சை உரிமை வரையறையையும் காட்ட வேண்டும். ஆனால், அந்தத் தரச்சான்று விரும்பியவர்கள் பெறுவது. மருத்துவர்கள் ஐந்தாண்டுகளில் 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் கூறுகின்றன. இதை மேலும் வலுப்படுத்த முயன்ற 2023-ஆம் ஆண்டு விதிகளை, எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் ஆணையம் நிறுத்திவைத்தது. 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தேசிய மருத்துவர் பதிவேடு நல்ல முயற்சி. எல்லா மருத்துவர்களும் அதில் இடம்பெற்றால்தான் அது பயன் தரும்.

ஒழுங்குமுறை என்பது சுவரில் மாட்டும் சான்றிதழ் அல்ல, அன்றாடக் கண்காணிப்பு என்பதைத் திருப்பதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021 மே 10 இரவு, ரூயா மருத்துவமனைக்குத் தமிழகத்திலிருந்து வரவேண்டிய ஆக்சிஜன் டேங்கர் தாமதமானது. அழுத்தம் குறைந்த சில நிமிடங்களில் 11 நோயாளிகள் இறந்ததாக மாவட்ட ஆட்சியர் அறிவித்தார். பெருந்தொற்றின் உச்சத்தில் நேர்ந்தது அது. மருத்துவர்களின் தகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும், ஒவ்வொரு பொறுப்புக்கும் பயிற்சி பெற்ற ஒருவர், அவர் கையில் ஒரு பட்டியல், அவரைக் கேள்வி கேட்க ஒரு குழு என்ற அடிப்படை ஏற்பாடு மருத்துவமனைக்கு எவ்வளவு அவசியம் என்பதை அந்த இரவு உணர்த்தியது.

மருத்துவர்களே போதாத ஊரில் காகிதம் கேட்டு விரட்டினால் யார் வருவார்கள் என்ற ஆட்சேபம் எழலாம். அதை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. மூத்த மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து, போட்டிக்கு வரும் இளம் மருத்துவரை இந்த முறையைக் காட்டியே தடுக்கவும் கூடும். எனவே, மறுக்கப்படுவோர் மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும். மறுப்பதற்கான காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். பத்து படுக்கை மருத்துவமனை தனக்கென்று ஓர் அலுவலரை வைத்துக்கொள்ள முடியாது என்பதும் உண்மையே. பத்து மருத்துவமனைகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஒரு முறை சரிபார்த்த கோப்பை, மருத்துவரின் ஒப்புதலுடன், மற்ற மருத்துவமனைகளும் பயன்படுத்தினால் மருத்துவருக்கும் அலைச்சல் மிச்சம்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ஸ்விம்ஸ் போன்ற நிறுவனமும், விஜயவாடாவில் உள்ள என்.டி.ஆர். சுகாதாரப் பல்கலைக்கழகமும் மருத்துவமனை நிர்வாக ஊழியர்களுக்காகச் சில மாதப் பயிற்சி வகுப்பு ஒன்றைத் தொடங்கலாம். சான்றிதழை எவ்வாறு சரிபார்ப்பது, எந்தப் பதிவு எப்போது காலாவதியாகிறது, சட்டம் என்ன கேட்கிறது என்பதைக் கற்றுத்தர அது போதும். துணை மருத்துவப் பணியாளர்களுக்கு 2021-இலும், செவிலியர்களுக்கு 2023-இலும் தனித்தனித் தேசிய ஆணையச் சட்டங்கள் வந்துள்ளதால், அந்த அலுவலர்களின் பொறுப்பு மருத்துவர்களோடு நின்றுவிடாது. ஆந்திர அரசின் என்.டி.ஆர். வைத்திய சேவா திட்டத்தில் பணம் பெறும் மருத்துவமனை, எந்தச் சிகிச்சையை யார் செய்யலாம் என்ற பட்டியலை வைத்திருந்தால்தான் பணம் என்று அரசு கூறினால், மறுநாளே பட்டியல் தயாராகிவிடும்.

தமிழக, ஆந்திர மருத்துவக் கவுன்சில்கள், நடவடிக்கைக்கு உள்ளான மருத்துவர்களின் விவரத்தை உடனுக்குடன் பகிர்ந்துகொள்வதும் இன்றியமையாதது. ஒரு மாநிலத்தில் பதிவு நிறுத்திவைக்கப்பட்டவர், சோதனைச் சாவடியைத் தாண்டியதும் புதியவராகிவிடக் கூடாது. மத்திய அரசும் தேசிய மருத்துவ ஆணையமும் இதற்கான உத்தரவைப் பிறப்பிக்கத் தயங்கக் கூடாது.

நேர்மையாகப் படித்து, உழைத்து, பெயர் பெற்ற மருத்துவர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. போலிகளாலும், அரைகுறைப் பயிற்சியாளர்களாலும் முதலில் கெடுவது அவர்களின் நற்பெயர்தான். மயக்க மருந்து கொடுக்கப்பட்டு அறுவைச் சிகிச்சை மேஜையில் கிடப்பவர் தம் உயிரை இன்னொருவர் கையில் ஒப்படைக்கிறார். அந்தக் கை யாருடையது என்று சரிபார்த்துவிட்டோம் என, கையெழுத்திட்டுச் சொல்ல ஒருவராவது மருத்துவமனையில் இருந்தாக வேண்டும்.