தாத்தாவின் முகத்துக்கு எந்தத் தாள்?

ஊரை விட்டு வந்த நம்மில் பலருடைய வீட்டில், பீரோவின் அடித்தட்டிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ சில கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்கள் உறங்கிக்கொண்டிருக்கும். டில்லியில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியைக் காட்ட அவைதாம் மிச்சம். வீட்டிலேயே ஓர் இருட்டறை அமைத்துப் பிரிண்ட் போடுபவன் என்ற முறையில், அவற்றை எந்தத் தாளில் போடுவது என்பது பற்றி என் கருத்தைச் சொல்கிறேன்.

"ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்தால் போதாதா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அதையும் செய்யுங்கள். ஆனால் கூடத்தில் மாட்டி, பேரப்பிள்ளைகள் காலம் வரை நிலைக்க வேண்டிய படத்துக்கு நல்ல பிரிண்ட்தான் வேண்டும் என்பேன்.

தாள் இரண்டு வகை. 1970-களில் பரவிய ஆர்.சி. தாளின் இருபுறமும் பிளாஸ்டிக் படலம் இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்காது. ஓடும் நீரில் 2 நிமிடம் அலசினால் போதும்; சுருளாமல் சீக்கிரம் காயும். மற்றது ஃபைபர் தாள். இதன் அடித்தளம் வெறும் காகிதம். ஹைப்போ அதன் நாருக்குள் புகுந்துகொள்ளும். அதை வெளியேற்ற, வேறு ரசாயனத்தின் துணையில்லாமல் என்றால், 1 மணி நேரமாவது அலச வேண்டும். மிச்சம் தங்கினால் நாளடைவில் படம் பழுப்பேறும். காயும்போது அப்பளம் போலச் சுருளும். விலையும் அதிகம்.

இருந்தாலும் தாத்தா படத்துக்கு ஃபைபரே என் தேர்வு. நம் வீடுகளில் மூன்று தலைமுறை தாண்டியும் தெளிவாக நிற்கும் படங்கள் காகிதத்தில் போட்டவைதாம். ஆர்.சி. தாளில் கை பழகுங்கள். பத்திரப்படுத்த வேண்டிய ஒரு படத்தை மட்டும் ஃபைபரில் போடுங்கள். ஆனால் ஆர்.சி.யில் கண்ட நேரம் இதற்குப் பொருந்தாது. டெஸ்ட் ஸ்ட்ரிப் தனியாகப் போட வேண்டும். ஃபைபர் படம் காய்ந்தபின் சற்றுக் கறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது கிரேடு. 2 என்பது நடுத்தரம். எண் குறைந்தால் மென்மை. கூடினால் கறுப்பும் வெளுப்பும் எதிரெதிராக நிற்கும். மங்கலான நெகட்டிவுக்கு 3 அல்லது 4 உயிர் கொடுக்கும். ஒவ்வொரு கிரேடுக்கும் தனிப் பெட்டி வாங்கத் தேவையில்லை. இல்ஃபோர்ட் நிறுவனம் 1940-இல் கொண்டுவந்த மல்டிகிரேடு போன்ற தாளில், ஃபில்டரை மாற்றினால் ஒரே பெட்டியில் எல்லாக் கிரேடும் கிடைத்துவிடும்.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. படம் 'பளிச்' என்று இருக்க வேண்டும் என்பதற்காகக் கடினமான கிரேடில் போட்டு, முகத்தை வெளுக்க வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. வேட்டியின் மடிப்பு மறையும். முகத்தின் சுருக்கங்கள் போய்விடும். வெயிலில் உழைத்துக் கறுத்த முகத்தை ஏன் மறைக்க வேண்டும்? பேரன் பார்க்க வேண்டியது அந்த முகத்தைத்தானே! மென்மையான கிரேடும், சற்றே பழுப்புச் சாயல் கொண்ட 'வார்ம்டோன்' தாளும் நம்மவர் நிறத்துக்கு இசைவானவை என்பது என் கருத்து.

ஊட்டியில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் இப்போது இயங்கவில்லை. கோடாக் நிறுவனம் கறுப்பு-வெள்ளைத் தாள் தயாரிப்பதை 2005-இல் நிறுத்தியது. இங்கிலாந்தின் இல்ஃபோர்டும் செக் நாட்டின் ஃபோமாவும் இன்னும் தயாரிக்கின்றன. இறக்குமதிச் சரக்கு என்பதால் விலை கடிக்கும். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். பிரிப்பது மட்டும் இருட்டறையில் நடக்கட்டும். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். டில்லியின் மே மாத வெப்பம் தாளைக் கெடுத்துவிடும். குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

நெகட்டிவில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் நம் வீடுகளில் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே படத்தைப் போட்டு, பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரையும் ஊரையும் எழுதி வைப்போம். தாள் வாங்கும் செலவைப் பிறகு நினைத்து யாரும் வருந்தப் போவதில்லை.