வழுக்கியது தரைதானா?

என் அத்தைக்கு வயது 78. பிள்ளைகள் இருவரும் தூரதேசத்தில் உத்தியோகம் பார்க்கிறார்கள். அத்தை தனியாகவே வசிக்கிறாள். சென்ற மார்கழியில் அவளைக் காணச் சென்றபோது முழங்கை கன்றிப்போயிருந்தது. "கதவில் இடித்துக்கொண்டேன்" என்றாள். விடியற்காலை இருட்டில் கிணற்றடிப் படியில் விழுந்துவிட்டாள் என்பதை எதிர்வீட்டு அம்மாள் சொல்லித்தான் அறிந்தேன். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னை அழைத்துப் போய்விடுவார்களே என்று அவளுக்குப் பயம்.

"ஈரத்தில் வழுக்கிற்று, அவ்வளவுதான்" என்று பிறகு ஒப்புக்கொண்டாள். நேயர்களே, கிணற்றடி என்றைக்குத்தான் ஈரமாக இல்லை?

அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த மேரி டினெட்டி என்ற டாக்டர், தம் சொந்த வீடுகளில் வசித்த 75 வயதுக்கு மேற்பட்ட 336 பேரை ஓராண்டு கவனித்து, 1988-ல் முடிவுகளை வெளியிட்டார். ஏறக்குறைய மூவரில் ஒருவர் விழுந்திருந்தனர். வழுக்குத் தரை, இடறும் பொருள் முதலிய இடையூறுகள் இருந்தது பாதிக்கும் குறைவான வீழ்ச்சிகளில்தான். தூக்க மாத்திரை, கால் பலவீனம், பாதக் கோளாறு, நடைத் தள்ளாட்டம், ஞாபகக் குறைவு முதலியன ஒன்றுமே இல்லாதவர்களில் நூற்றுக்கு 8 பேர் விழுந்தனர். இவற்றில் நான்கோ அதற்கு மேலோ சேர்ந்தவர்களில் 78 பேர்!

அத்தையின் கணக்கைப் பார்த்தேன். இரவில் தூக்க மாத்திரை. இரத்த அழுத்தத்திற்கு வேறொரு மாத்திரை. அது உட்கொள்வோரில் சிலருக்குச் சட்டென்று எழுந்ததும் தலை சுற்றும். மூக்குக் கண்ணாடியின் கீழ்ப்பாகமோ புத்தகம் படிப்பதற்கானது. அதன் வழியே குனிந்து பார்த்தால் படி மங்கித் தெரியும். இத்தனைக்கும் மேலே, விளக்கைப் போடாத சிக்கனம். (பள்ளிக்கூடத்தில் நான் போதிக்கும் சிக்கனம் இதுவன்று.) பழியெல்லாம் பாவம், பாசியின்மேல் விழுந்தது.

விழுந்ததைவிடப் பொல்லாதது, மறுபடி விழுவோமோ என்ற பயம். அதன் பிறகு அத்தை கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். நடை குறைந்தால் தொடைத் தசை மெலியும். மெலிந்த கால் இன்னும் எளிதில் மடங்கும்.

மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவது அபாயம். ஆகவே எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டினோம். தூக்க மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொன்னார். கண் விழித்ததும் கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து பிறகு எழச் சொன்னார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது முதலிய பயிற்சிகளையும் கற்பித்தார். இத்தகைய பயிற்சியால் முதியோர் விழும் தடவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவதாக ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அத்தை முதலில் சிரித்தாள். இப்போது காலை காப்பிக்கு முன் பத்துத் தடவை எழுந்து உட்காருகிறாள். கோயிலுக்கும் போய்வருகிறாள்.

குளியலறைச் சுவரில் பிடிகம்பி பதிப்பதற்கு மட்டும் ஒரு நிபந்தனை விதித்தாள்: "நான் விழுந்ததைப் பிள்ளைகளுக்கு எழுதக் கூடாதடா." கம்பியைப் பதித்தாகிவிட்டது. நிபந்தனைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.