கத்திக்கு எந்த எண்ணெய்?

ஒட்டுக் கட்டும் மடக்குக் கத்தியும் கவாத்துக் கத்தரியும் சிறு விவசாயியின் கருவிகளில் மிகச் சிறியவை. மோட்டாருக்கும் ஏருக்கும் காட்டும் அக்கறை இவற்றுக்குக் கிடைப்பதில்லை. கத்தி மடங்க மறுத்தால் அடுப்படியிலிருந்து கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ இரண்டு சொட்டு விடுவது பலரின் வழக்கம். இது கைவிட வேண்டிய வழக்கம்.

சமையல் எண்ணெய் அன்றைக்கு வேலை செய்வது உண்மையே. ஆனால் காற்றுப்பட்டு நாளடைவில் அது பசையாகிவிடும். எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் படியும் பிசுக்கைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பசையில் மண்ணும் மரப்பாலும் ஒட்டிக்கொண்டால் கீல் முன்னைவிட இறுகும். தேங்காய் எண்ணெய் எளிதில் பசையாவதில்லை. ஆனால் மார்கழிக் குளிரில் உறைந்துவிடும்.

டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயில் காசில்லாமல் கிடைக்கிறது என்று அதைத் தடவுவதும் தவறு. அதில் கரியும் உலோகத் துகளும் அமிலமும் கலந்திருக்கும், கைத்தோலுக்கும் கேடு. கிரீஸ் வண்டி அச்சுக்கு ஏற்றது. கத்தியின் சிறு கீலிலோ அது மண்ணைப் பிடித்து வைத்து ஆணியைத் தேய்த்துவிடும்.

அழுக்கெடுப்பது வேறு, எண்ணெயிடுவது வேறு. மண்ணெண்ணெய் பிசுக்கைக் கரைக்கும். ஆனால் உலர்ந்தபின் இரும்பைக் காக்க எதுவும் மிஞ்சாது. கடைகளில் விற்கும் டபிள்யூ.டி.40 தெளிப்பானும் முதலில் 1953ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்கென்று உருவாக்கப்பட்டதே. 40வது முயற்சியில் பக்குவம் கிடைத்ததால் அந்த எண் பெயரில் நின்றது. மழையில் நனைந்த கத்திக்கு அது உதவும். ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால், அடிக்கடி மடங்கும் கீலுக்கு அதை மட்டும் நம்பக்கூடாது.

அப்படியானால் எது ஏற்றது? தையல் மெஷின் எண்ணெயே போதும். மெல்லியது, எளிதில் பசையாகாது, சிறு புட்டி நெடுநாள் வரும். முதலில் கீலைப் பழைய பல் துலக்கியால் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும். பெட்ரோல் கூடாது, தீ அபாயம் உண்டு. துணியால் துடைத்து நன்கு உலரவிட்டு, கீலில் ஒரே ஒரு சொட்டு விட்டுப் பலமுறை திறந்து மூட வேண்டும். வெளியே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். அதிகம் விட்டால் அதிக நன்மை என்பது பயிருக்கு உரத்தில் எப்படித் தவறோ, இங்கும் அப்படியே தவறு.

அலகிலும் மெல்லிய பூச்சு இருந்தால் துரு அண்டாது. ஆனால் ஒட்டுக் கட்டும் முன் அதை ஸ்பிரிட்டால் அறவே துடைத்தாக வேண்டும். வெட்டுவாயில் எண்ணெய் பட்டால் தாய்ச்செடியும் ஒட்டுக் குச்சியும் சேர்வது கெடும். எலுமிச்சை, சாத்துக்குடியில் சில நோய்கள் கத்தி வழியாகவே மரம் விட்டு மரம் தாவுகின்றன. அதற்காகப் பிளீச்சிங் கரைசலில் கத்தியை முக்குவோர், வேலை முடிந்ததும் நல்ல நீரில் கழுவித் துடைத்து எண்ணெயிடத் தவறக்கூடாது. அந்தக் கரைசல் இரும்பை விரைவில் அரித்துவிடும்.

இத்தனையும் விவசாயியின் பொறுப்பு மட்டுமல்ல. ஒட்டுக் கட்டும் பயிற்சி அளிப்போர் கத்தியைப் பேணுவதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். கத்தி விற்போர் எந்த எண்ணெய், எத்தனை சொட்டு என்று தமிழில் ஒரு துண்டுச் சீட்டாவது சேர்த்துத் தர வேண்டும். இறுகிய கீலோடும் மழுங்கிய அலகோடும் போராடிக் கட்டிய ஒட்டு காய்ந்தால், குற்றம் செடியின் மேல் போகிறது, பருவமும் வீணாகிறது. ஒரு சொட்டு எண்ணெயில் தடுக்கக்கூடிய நஷ்டத்தை உழவர்கள் சுமக்கத் தேவையில்லை.