கண்ணுக்கு மருந்தா, கண்கட்டு வித்தையா?

எங்கள் குளிகையை விழுங்கினாற் போதும், மங்கிய பார்வை மீளும் என்று இணையக் கடைகள் பறைசாற்றுகின்றன. இவற்றை நம்பிப் பணத்தை வாரி இறைக்கலாமா?

இவ்வணிகர் பற்றிநிற்கும் கொழுகொம்பு, அமெரிக்கத் தேசியக் கண் நிறுவகம் 2001இல் வெளியிட்ட ஆய்வாகும். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி நலிவுறும் நோய் இடைநிலையை எய்தியோர்க்கு, விற்றமின்களும் நாகமும் பேரளவிற் கொடுக்கப்பட்டன. நோய் முற்றும் அபாயம் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 25 வீதம் குறைந்தது. அவ்வளவே! இழந்த பார்வை மீளவில்லை, கண்புரை தடைப்படவில்லை, நோயற்றோர் பயன்பெறவில்லை. அதிற் சேர்ந்திருந்த பீற்றா கரோட்டின் புகைப்பவரிடையே நுரையீரற் புற்றுநோயை மிகுவிக்கும் என்பதால், 2013இல் வெளியான இரண்டாம் ஆய்வு அதற்கு ஈடாக 10 மில்லிகிராம் லூட்டீனையும் 2 மில்லிகிராம் சியாசாந்தினையும் ஏற்றது.

ஆதலின் போத்தலின் முகப்பைக் கண்டு மயங்காதீர்; முதுகைப் படியுங்கள். எச்சத்து, எவ்வளவு, எந்நோய்க்கு என்று கேளுங்கள். விடை இல்லையேல் பணம் மடியிலேயே இருக்கட்டும்.

நீரிழிவும் கண்ணழுத்த நோயும் ஓசையின்றிப் பார்வையைப் பறிப்பவை. அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கண்ணைக் காட்டலாம். அதனை விடுத்துக் குளிகையோடு காலங் கடத்துபவர் இழப்பது பணத்தை மட்டுமன்று. மீளாத பார்வையையும் அன்றோ?